உலோகத்தோடு ஒரு கொடுக்கல் வாங்கல்: மூலக்கூறுகள் புறப்பரப்பில் பிணைவது எப்படி?

ஒரு பிளாட்டினத் தகட்டை, மேலே வேற்று அணு ஒன்றுகூட இல்லாதபடி சுத்தம் செய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சுத்தம் சாதாரணக் காற்றில் எவ்வளவு நேரம் தாங்கும்? சில நானோ விநாடிகள்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் லட்சம் கோடி உலோக அணுக்கள் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் துணை கிடைக்க அவ்வளவு நேரம் போதும், அவ்வளவு வேகமாகக் காற்று மூலக்கூறுகள் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன. அழுத்தத்தை நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாலும், மோதுவதெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரு விநாடியில் பரப்பு மூடிவிடும். அதனால்தான் உலோகப் பரப்பை ஆராய்கிறவர்கள் அதற்கும் பல்லாயிரம் மடங்கு கீழே போய், மிகை வெற்றிடத்தில் வேலை செய்கிறார்கள். அங்கேதான் சுத்தமான பரப்பு சில மணி நேரமாவது சுத்தமாக இருக்கும்.

சரி, ஏன் இப்படி வந்து ஒட்டுகின்றன?

உலோகத்தின் உள்ளே இருக்கிற ஒரு பிளாட்டின அணுவைச் சுற்றி 12 அணுக்கள் நெருக்கமாக இருக்கும். எல்லாப் பக்கமும் பிணைப்பு, குறையொன்றும் இல்லை. மேற்பரப்பில் இருக்கிற அணுவுக்கோ தலைக்கு மேல் யாருமில்லை. மிக நெருக்கமாக அடுக்கிய பரப்பில்கூட அதற்கு 9 அண்டை அணுக்கள்தான். உண்மையான பரப்பு எதுவும் முழுச் சமதளமாக இருப்பதில்லை. ஓர் அணு உயரத்துக்கு ஆங்காங்கே படிகள் இருக்கும். படியின் விளிம்பில் இருக்கிற அணுவுக்கு 7 அண்டைகள், அந்த விளிம்பு திரும்புகிற மூலையில் 6. பிணைப்புக்குப் போயிருக்க வேண்டிய எலக்ட்ரான்களும், எலக்ட்ரான்கள் குடியிருக்கிற இடங்களான ஆர்பிட்டால்களும் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு சும்மா நிற்கின்றன. வருகிற மூலக்கூறு பிணைவது இவற்றோடுதான். பரப்பு அறிவியலில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த அண்டைக் குறைவில் இருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு விதமான ஒட்டுதல்

மூலக்கூறு பரப்பில் தங்குவதை இயற்பியல் பரப்புக்கவர்தல், வேதிப் பரப்புக்கவர்தல் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முதலாவதில் எலக்ட்ரான் யாரிடமிருந்தும் யாருக்கும் போவதில்லை, பங்கிடப்படுவதும் இல்லை. வாண்டர் வால்ஸ் விசை என்கிற மெல்லிய இழுப்பு மட்டும்தான். 1989-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டான் ஐக்லர் நிக்கல் பரப்பின் மேல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளி நிறுவனத்தின் பெயரை எழுதினாரே, அந்தச் செனான் அணுக்கள் நிக்கலோடு ஒட்டியிருந்தது இப்படித்தான். அணுக்களைக் காட்டும் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் இழுத்த பக்கமெல்லாம் அவை நகர்ந்தன. ஆனால் அதற்காகப் பரப்பை ஏறத்தாழ −269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சூடேறினாலும் செனான் கிளம்பிவிடும்.

இரண்டாவதில் உண்மையான வேதிப்பிணைப்பு உருவாகிறது. எலக்ட்ரான்கள் பங்கிடப்படுகின்றன, மூலக்கூறின் ஆர்பிட்டாலும் உலோகத்தின் ஆர்பிட்டாலும் கலக்கின்றன.

பாடநூல்களில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை இருக்கும். ஒன்று மீளும், மற்றது மீளாது. ஒன்று வலுக் குறைவு, மற்றது வலு அதிகம் என்று. தேர்வுக்கு அது போதும். ஆனால் ‘மீளாது’ என்பதை நான் அப்படியே விட மாட்டேன். வேதிப்பிணைப்பில் ஒட்டிய மூலக்கூறும் திரும்பிப் போகும், அதற்குரிய வெப்பம் கிடைத்தால். இதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். பரப்பில் ஒட்டிய மூலக்கூறு ஒரு விநாடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கோடி முறை அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்வும் தப்பிப்பதற்கான ஒரு முயற்சி. பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 20 கிலோஜூல் என்றால், அறை வெப்பநிலையில் அது பரப்பில் தங்கும் நேரம் ஒரு நானோ விநாடிகூட இல்லை. அதே ஆற்றல் 130 கிலோஜூல் என்றால், தங்கும் நேரம் 100 ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. இதே பரப்பை 230 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குங்கள்: நூறாண்டு சில விநாடிகளாகச் சுருங்கிவிடும். தோராயக் கணக்குதான், ஆனாலும் விஷயம் புரியும். ஆற்றல் ஆறேழு மடங்கு கூடினால் நேரம் கோடி கோடி மடங்குக்கும் மேலே போய்விடுகிறது.

அந்த 130 நான் சும்மா எடுத்த எண் இல்லை. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு பிணைந்திருப்பது ஏறத்தாழ இந்த வலுவில்தான். இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட மூலக்கூறு என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். அதையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

கார்பன் மோனாக்சைடு என்ன செய்கிறது?

ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், நடுவே மிக வலுவான பிணைப்பு. இந்த மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் படுத்துக்கொள்வதில்லை, நிமிர்ந்து நிற்கிறது. கார்பன் கீழே உலோகத்தைத் தொட்டுக்கொண்டும், ஆக்சிஜன் மேலே பார்த்துக்கொண்டும் இருக்கும். ஆக்சிஜன்தானே எலக்ட்ரானை அதிகம் இழுப்பது, அது ஏன் கீழே வரவில்லை என்று கேட்கலாம். காரணம் ஆர்பிட்டால்களில் இருக்கிறது. எலக்ட்ரான் நிரம்பிய ஆர்பிட்டால்களில் மிக மேலே இருப்பது கார்பன் பக்கம் வெளியே நீண்டு நிற்கிறது. அதில் ஒரு தனி இணை எலக்ட்ரான்கள் உள்ளன. அதற்கு அடுத்து மேலே, காலியாக இருக்கிற எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலும் (எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைத் தளர்த்துவது இது) பெரும்பாலும் கார்பன் மேல்தான் பரவியிருக்கிறது. கொடுக்க வேண்டியதும் வாங்க வேண்டியதும் ஒரே முனையில்!

முதல் படி, கார்பனின் தனி இணை எலக்ட்ரான்கள் உலோகத்தின் காலி நிலைகளுக்குள் கொஞ்சம் நகர்கின்றன. இது மூலக்கூறு கொடுப்பது. இது மட்டும் என்றால் பிணைப்பு அவ்வளவு வலுவாக இருக்காது. அப்புறம் உலோகம் திருப்பிக் கொடுக்கிறது: அதன் டி-ஆர்பிட்டால்களில் (இவ்வகை உலோகங்களில் பிணைப்புக்கு உதவும் ஓர் ஆர்பிட்டால் வகை) இருக்கிற எலக்ட்ரான்கள் மூலக்கூறின் காலியான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் போகின்றன. ஒன்று நடப்பதால் மற்றது எளிதாகிறது. இரண்டும் சேர்ந்து உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பை இறுக்குகின்றன. 1964-இல் ஜார்ஜ் பிளைஹோல்டர் முன்வைத்த இந்தப் படம் இன்றைய கணக்கீடுகளில் இன்னும் சிக்கலாகத் தெரிந்தாலும், தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல படம் கிடையாது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். உலோகம் திருப்பிக் கொடுத்த எலக்ட்ரான்கள் போய்ச் சேர்ந்த இடம் எது? கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால். அங்கே எலக்ட்ரான் சேரச் சேர கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளரும். ஆக, மூலக்கூறை உலோகத்தோடு இறுக்கிக் கட்டுகிற அதே எலக்ட்ரான்கள் மூலக்கூறுக்குள் இருக்கிற கட்டைத் தளர்த்துகின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பாடம் முழுவதிலும் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான். வினையூக்கிகள் ஏன் வேலை செய்கின்றன என்பதன் பெரும்பகுதி இதற்குள் அடக்கம்.

இது வெறும் படம் இல்லை, அளந்து பார்க்கலாம். தனித்து மிதக்கும் கார்பன் மோனாக்சைடின் அதிர்வை அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தால் அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, 2143 என்று வரும். பிளாட்டினத்தில் ஓர் அணுவின் உச்சியில் நேராக நிற்கும்போது அது ஏறத்தாழ 2100 ஆகிறது. இரண்டு பிளாட்டின அணுக்களுக்கு நடுவே பாலம் போட்டு நிற்கும்போது 1850 அருகே இறங்கிவிடுகிறது. தளர்ந்த பிணைப்பு மெதுவாக அதிரும். இரண்டு அணுக்களிடமிருந்து எலக்ட்ரான் வாங்கும்போது இன்னும் தளர்கிறது. ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்துகிறார்கள். நிறமாலையில் வரும் எண்ணைப் பார்த்தே மூலக்கூறு எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் உலோகப் பரப்பில் மட்டும் நடப்பதில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பு அணுவோடு கார்பன் மோனாக்சைடு ஒட்டி ஆளைக் கொல்வதும் இதே முறையில்தான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் அதற்கு அங்கே பிடிப்பு உண்டு. நிக்கல் விஷயம் இன்னும் வேடிக்கை. லுட்விக் மோண்டும் அவருடன் இருந்தவர்களும் 1890-இல் வெளியிட்டது: நிக்கலின் மேல் இளஞ்சூட்டில் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தினால், நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு நிக்கல் அணுவைப் பரப்பிலிருந்தே பெயர்த்து வாயுவாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த வாயுவை இன்னும் சூடாக்கினால் தூய நிக்கல் படியும். நிக்கலைச் சுத்திகரிக்கும் ஒரு தொழில்முறையே இதிலிருந்து வந்தது.

பிடித்து உடைப்பது

தளர்வு ஓர் எல்லையைத் தாண்டினால் மூலக்கூறு உடைந்துவிடும். ஹைட்ரஜனைப் பாருங்கள். அதன் இரண்டு அணுக்களையும் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். தனியாக இருக்கும்போது இது பெரிய செலவு. பிளாட்டினத்தின் மேலே என்றால், பிரிந்த ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் உலோகத்தோடு சேரும்போது ஏறத்தாழ 250 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 500. செலவைவிட வரவு அதிகம், அதனால் அறை வெப்பநிலையிலேயே மூலக்கூறு தானாகப் பிரிந்துவிடுகிறது. 1823-இல் டோபரைனர் நுண்துளைப் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சியபோது தீக்குச்சி எதுவும் இல்லாமலே அது பற்றிக்கொண்டது. அணுக்களாகப் பிரிந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பரப்பிலேயே சேர்ந்து, அந்த வெப்பத்தில் பிளாட்டினம் பழுக்கச் சூடேறியதுதான் காரணம். ஆனால் அன்றைக்கு அணுக்கள் பரப்பில் என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

வரவு அதிகமாக இருந்தால் மட்டும் போதாது, வழியும் திறந்திருக்க வேண்டும். மூலக்கூறு பரப்பை நெருங்கும்போது முதலில் மெல்லிய இழுப்பில் ஒரு சிறு பள்ளத்தில் விழுகிறது. அதைத் தாண்டி உள்ளே ஆழமான வேதிப்பிணைப்புப் பள்ளம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மேடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 1932-இல் லெனார்ட்-ஜோன்ஸ் வரைந்து காட்டிய படம் இது. பிளாட்டினத்தில் ஹைட்ரஜனுக்கு மேடு கிட்டத்தட்ட இல்லை. தாமிரத்தில் நல்ல உயரமான மேடு இருக்கிறது. வேதிப் பரப்புக்கவர்தல் சில சமயம் சூடாக்கினால் கூடுவதாகப் பாடத்தில் வருமே, அது இந்த மேட்டை ஏற வேண்டியிருப்பதால்தான்.

நைட்ரஜன் இதிலெல்லாம் பிடிவாதக்காரன். அதன் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். இரும்பால் உடைக்க முடியும்; ஆனால் இரும்பில் மோதுகிற பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஒன்று உடைந்தால் அதிகம். அம்மோனியா தயாரிப்பில் 400 டிகிரிக்கு மேலான வெப்பமும் நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தமும் தேவைப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரும்புப் பரப்பில் நைட்ரஜன் முதலில் உடைகிறது, அதுதான் மெதுவான படி, பிறகு ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன என்பதைப் படிப்படியாக நிறுவியவர் கெர்ஹார்ட் எர்ட்ல். 2007-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத்தான். தொழிற்சாலை வினையூக்கியில் கொஞ்சம் பொட்டாசியம் கலப்பதற்கும் இப்போது பொருள் விளங்கும்: பொட்டாசியம் எலக்ட்ரானை எளிதாகக் கொடுக்கும், அது நைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குப் போய்ச் சேரும், முப்பிணைப்பு இன்னும் தளரும்.

தங்கம் மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கிறது?

பிளாட்டினமும் தங்கமும் தனிம அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே ஓர் எலக்ட்ரான்தான் வித்தியாசம். ஒன்று தொட்டதையெல்லாம் பிடிக்கிறது, மற்றது ஆக்சிஜனையே ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இதற்குத் தெளிவான விளக்கம் 1995-இல் ஹாமரும் நோர்ஸ்கோவும் கொடுத்தார்கள்.

உலோகத்தில் அணுக்கள் கோடிக்கணக்கில் சேர்ந்திருப்பதால் டி-ஆர்பிட்டால்கள் தனித்தனி நிலைகளாக இல்லாமல் அகன்ற ஒரு பட்டையாகப் பரவியிருக்கும். மூலக்கூறின் ஆர்பிட்டால் இந்தப் பட்டையோடு கலக்கும்போது இரண்டு விளைவுகள் பிறக்கின்றன: கீழே ஒரு பிணைப்பு நிலை, மேலே ஓர் எதிர்ப்பிணைப்பு நிலை. கீழ்நிலை எப்படியும் நிரம்பிவிடும். மேல்நிலை நிரம்புமா என்பதுதான் கேள்வி. உலோகத்தின் டி-பட்டை உயரத்தில் இருந்தால், எதிர்ப்பிணைப்பு நிலை எலக்ட்ரான்கள் எட்டாத உயரத்துக்குப் போய்க் காலியாக நிற்கும், பிணைப்பு வலுவாகும். டி-பட்டை தாழ்ந்து போனால் மேல்நிலையும் நிரம்பி, கிடைத்த லாபத்தையெல்லாம் தின்றுவிடும். தனிம அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகப் போக டி-பட்டை நிரம்பித் தாழ்கிறது. தங்கத்தில் அது முழுக்க நிரம்பி ஆழத்தில் கிடக்கிறது.

இதே வரிசையில் கார்பன் மோனாக்சைடை வைத்துப் பாருங்கள். இரும்பு அதைப் பிடித்து உடைத்தே விடும். பிளாட்டினம் உடைக்காமல் வலுவாகப் பிடிக்கும். தாமிரத்தில் பிடிப்பு மோலுக்கு 50 கிலோஜூல் அளவுதான். −100 டிகிரியை எட்டுவதற்குள்ளாகவே அது பறந்துவிடும். இரும்பை வைத்துக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள் வருவதும், தாமிரத்தை வைத்துச் சேர்த்தால் மெத்தனால் வருவதும் இதன் தொடர்ச்சி. உடையாத கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு மெத்தனாலுக்குள் அப்படியே இருக்கிறது.

தங்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது கந்தகம். ஒரு முனையில் கந்தகம் உள்ள நீண்ட கார்பன் சங்கிலிகளைக் கரைசலில் போட்டு அதில் தங்கத்தை முக்கினால், கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் அரை நானோமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்து, ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். யாரும் அடுக்கிவைக்க வேண்டியதில்லை. மறுமுனையில் நமக்கு வேண்டிய எதையும் இணைத்துக்கொள்ளலாம் என்பதால் உயிரி உணரிகளில் இதற்கு நல்ல பயன்.

இடம் போதாமல் போகும்போது

பரப்பில் உள்ள இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. இதை முதலில் தெளிவாகக் கணக்கில் கொண்டுவந்தவர் இர்விங் லாங்மியூர். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையைச் சுற்றியுள்ள வாயுக்களை ஆராயப் போய் பரப்பு வேதியியலுக்குள் நுழைந்தவர், 1932-இல் நோபல் பெற்றவர். அவருடைய வாதம் எளிது. காலி இடங்களில்தான் புதிதாக ஒட்ட முடியும், ஒட்டியவைதான் கிளம்ப முடியும், இரண்டும் சமமாகும்போது பரப்பின் நிலை நிலைத்துவிடும். ஓர் அழுத்தத்தில் பரப்பு பாதி நிரம்பியிருக்கிறது என்றால், அழுத்தத்தை 9 மடங்காக்கினால் 90 விழுக்காடு நிரம்பும். 99 விழுக்காட்டுக்கு 99 மடங்கு வேண்டும். வேதிப் பரப்புக்கவர்தல் ஒரே அடுக்கோடு நிற்பதும் இதனால்தான்: உலோகத்தைத் தொடாத மூலக்கூறுக்கு அந்தப் பிணைப்பு கிடையாது.

இடத்துக்கான போட்டியில் வலுவாகப் பிடிப்பவர் மற்றவரை உள்ளே விட மாட்டார். வாகனங்களின் புகைபோக்கியில் இருக்கிற வினையூக்கி மாற்றியை எடுத்துக்கொள்வோம். கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் கார்பன் டையாக்சைடாக்குவது அதன் வேலைகளில் ஒன்று. வண்டியைக் கிளப்பிய புதிதில் அது குளிர்ந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு பரப்பு முழுவதையும் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஆக்சிஜன் உடைவதற்கு அடுத்தடுத்துக் காலி இடங்கள் வேண்டும், அவை கிடைப்பதில்லை. சூடேறி அது ஓரளவு கிளம்பத் தொடங்கிய பிறகுதான் வினை ஓடும். மேலே போட்ட தங்கும் நேரக் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. கார்பன் மோனாக்சைடு கூடினால் இந்த வினையின் வேகம் குறைகிறது என்று லாங்மியூர் 1922-லேயே எழுதிவிட்டார். ஹைட்ரஜன் எரிபொருள் கலங்களில் இதே தொல்லை: 80 டிகிரி அளவில் இயங்குகிற பிளாட்டின மின்வாயை, ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு கலந்திருக்கிற கார்பன் மோனாக்சைடே முடக்கிவிடும். பிளாட்டினத்தோடு ருத்தேனியத்தைக் கலப்பது அதற்கு ஒரு வைத்தியம்.

ஆகவே நல்ல வினையூக்கி என்பது மிக வலுவாகப் பிடிப்பது அல்ல. பிடிப்பு குறைந்தால் மூலக்கூறு உடையாது. கூடினால் விளைபொருள் இடத்தைக் காலி செய்யாது. இந்த நடுநிலை விதி 1912-இல் நோபல் பெற்ற பால் சபாட்டியேயின் பெயரால் வழங்குகிறது. பிணைப்பு வலுவைக் கிடைமட்டத்திலும் வினைவேகத்தை உயரத்திலும் போட்டு உலோகங்களை வரிசைப்படுத்தினால், நடுவில் ஏறி இருபக்கமும் சரியும் ஒரு மலை வரும். துறைக்காரர்கள் இதை எரிமலை வரைபடம் என்பார்கள். அந்த உச்சிக்கு அருகே எந்த உலோகக் கலவை வரும் என்று கணினியில் முன்கூட்டியே தேடுவது இன்று பெரிய ஆராய்ச்சித் தொழிலாகிவிட்டது.

ஒரே உலோகம் அந்த மலையில் இடம் மாறவும் கூடும். 1987-இல் மசதாகே ஹருத்தா, 5 நானோமீட்டருக்கும் சிறிய தங்கத் துகள்களை ஆக்சைடுகளின் மேல் பரப்பி, கார்பன் மோனாக்சைடை பூஜ்ஜியத்துக்கும் கீழே உள்ள வெப்பநிலையில் எரித்துக் காட்டினார். அவ்வளவு சிறிய துகளில் அணுக்களில் பெரும்பங்கு விளிம்பிலும் மூலையிலும் இருக்கும். அண்டைகள் குறையக் குறைய டி-பட்டை மேலே ஏறும், பிடிப்பு வரும். துகளும் ஆக்சைடும் சந்திக்கிற ஓரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்தத் துகள்களை நன்றாகச் சூடாக்கினால் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும், வினையும் நின்றுபோகும்.